உங்க சந்தனக் கட்டை அசல்தானா? மரத்தின் டிஎன்ஏ சொல்வதும், சொல்லாததும்

ஊரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். அம்மா ஃபோனில் சொல்கிறார்: "பொடி வேணாம்ப்பா, கல்லுல உரைக்கிற மாதிரி நல்ல சந்தனக் கட்டை ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வா." லஞ்ச் பிரேக்கில் ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறீர்கள். ஒரே சைஸ், ஒரே நிறம், இரண்டின் மேலும் '100% அசல் மைசூர் சந்தனம்' என்ற வரி. ஒன்று 350 ரூபாய், இன்னொன்று 3,500 ரூபாய். ரிவியூவில் ஒருவர் 'செம வாசனை' என்கிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர் 'பத்து நாள்ல வாசனை போயிடுச்சு' என்கிறார்.

எதை வாங்குவீர்கள்?

மோந்து பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, இந்த வியாபாரத்தில் ஒரு பகுதி அந்தப் பழமொழியை அப்படியே பிசினஸ் மாடலாக்கி வைத்திருக்கிறது. மணமே இல்லாத ஒரு வெளிர்நிற மரத்தை எடுத்துச் செயற்கைச் சந்தன வாசனைத் திரவத்தில் ஊறவைத்தால் போதும். கூரியர் பெட்டியைப் பிரிக்கும்போது வீடே மணக்கும். மூக்கு ஏமாந்துவிடும்.

மூக்கை ஏமாற்றலாம், டிஎன்ஏவை ஏமாற்ற முடியாது என்றுதான் இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் 'டிஎன்ஏ டெஸ்ட் செய்தது' என்ற ஸ்டிக்கரை நம்பினால், அசல் சந்தன மரத்தையே வாங்கியும் நீங்கள் ஏமாறலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், இதில் என்ன பெரிய பிரச்சினை?

350 ரூபாய் போனால் போகட்டும். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

நம் சந்தன மரத்தின் அறிவியல் பெயர் சான்டலம் ஆல்பம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன், இதை 'அழியக்கூடிய அபாயத்தில் உள்ள' இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. விசித்திரமான மரம் இது. தனியாக வளராது, பக்கத்தில் இருக்கும் செடிகளின் வேரில் தன் வேரை ஒட்டி, அவற்றிடமிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் பாதி ஒட்டுண்ணி. மணம் மரம் முழுக்க இருக்காது. வெளியே வெள்ளையாக இருக்கும் பகுதியில் வாசனை கிடையாது. நடுவில் வைரம் பாய்ந்த பகுதியில்தான் எண்ணெய் சேரும். அந்த வைரம் உருவாகவே பத்து, பதினைந்து வருடம் ஆகும். நல்ல மகசூலுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். எண்ணெய் அதிகம் இருப்பது வேரிலும் அடிமரத்திலும். அதனால் திருடுபவர்கள் கிளையை வெட்டிக்கொண்டு போவதில்லை. மரத்தை வேரோடு எடுக்கிறார்கள்.

1792ல் திப்பு சுல்தான் காலத்திலேயே மைசூர் அரசில் இது 'ராஜ மரம்' என்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வெகுகாலத்துக்கு, உங்கள் தோட்டத்தில் தானாக முளைத்தாலும் சந்தனம் அரசுக்குத்தான் சொந்தம். எவன் நடுவான்? காட்டில் இருந்தது கடத்தலுக்குப் போனது. வீரப்பன் கதை தெரியாத தமிழர் இருக்க முடியாது, அதை இங்கே விரிக்க வேண்டாம். 2001ல் கர்நாடகமும் 2002ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நட்டு வளர்ப்பவருக்கே மரம் சொந்தம் என்று ஆக்கின. இன்று தனியார் நிலங்களில் நிறையப் பேர் நடுகிறார்கள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் இதில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. பட்டை உரித்த ஒரு கட்டையைப் பாருங்கள். அது ஒரு விவசாயி பதினைந்து வருடம் காவல் காத்து வளர்த்த மரமா, கேரளத்தின் மறையூர் காட்டில் நேற்று ராத்திரி வெட்டியதா? கட்டைக்கு வாய் இல்லை. விவசாயியிடம் காகிதம் இருக்கும். கடத்துபவரிடமும் ஒரு காகிதம் இருக்கும். கிலோ பல ஆயிரம் ரூபாய் போகிற பொருள், காகிதம் தயாரிப்பது கஷ்டமா என்ன?

ஆக, இங்கே வாங்குபவர் ஏமாறுவது ஒரு பக்கம். நேர்மையாக வளர்த்தவர் சந்தேகத்துக்கு ஆளாவதும், திருடப்பட்ட மரம் 'தோட்டத்து மரம்' ஆகச் சந்தைக்கு வருவதும் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தேவை, கட்டையிலிருந்தே ஒரு சாட்சி.

'சந்தனம்' என்ற பெயரில் என்னென்ன வருகிறது?

செம்புளிச்சான் என்று ஒரு சிறு மரம், சில ஊர்களில் தேவதாரம் என்பார்கள். கட்டைக்கு லேசான மணம் உண்டு. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'போலிச் சந்தனம்' என்கிற அர்த்தத்தில்தான். கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தனம் என்று விற்பது ஓசிரிஸ் லான்சியோலேட்டா. சந்தனத்தின் தூரத்துச் சொந்தம். அங்கேயும் வேரோடு பிடுங்கி, வெளிநாட்டுக்குக் கடத்திக் கடத்தி, 2013ல் சைட்டிஸ் பட்டியலில் சேர்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. சைட்டிஸ் என்பது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. மேற்கிந்தியச் சந்தனம் எனப்படும் அமைரிஸ் பெயரளவில்தான் சந்தனம், குடும்பம் எலுமிச்சையுடையது. ஆஸ்திரேலியச் சந்தனமான சான்டலம் ஸ்பைகேட்டம் உண்மையிலேயே சந்தனப் பேரினம்தான், ஆனால் வேறு இனம், எண்ணெயின் தரமும் வேறு.

செம்மரத்தைச் 'செஞ்சந்தனம்' என்று சொல்கிறோமே, அதற்குச் சந்தன வாசனையே கிடையாது. குடும்பமும் வேறு, அவரையின் குடும்பம். பெயரை வைத்து மரத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. சங்க காலத்துப் பெண்கள் கூந்தலுக்குப் புகை போட்ட 'அகில்' என்றால் வடகிழக்கிந்திய அகர் மரம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் 'வெள்ளகில்' என்ற பெயரில் சம்பந்தமே இல்லாத, வேப்பமரக் குடும்பத்து மரம் ஒன்று நிற்கிறது.

சரி, இவற்றை எப்படிப் பிரித்தறிகிறார்கள்? பழைய, இன்றும் முதல் கட்டமாகப் பயன்படும் முறை, மரத்தைக் குறுக்கே சீவி லென்ஸிலும் மைக்ராஸ்கோப்பிலும் பார்ப்பது. நீர் கடத்தும் துளைகள் எப்படி அமைந்திருக்கின்றன, கதிர்கள் எத்தனை செல் அகலம் என்பதை வைத்துச் சொல்வார்கள். பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கென்றே கண் பழகிய நிபுணர்கள் இருக்கிறார்கள். செலவு குறைவு, வேகமும் அதிகம். ஆனால் பல நேரங்களில் பேரினம் வரைதான் வரும். 'இது டெரோகார்பஸ்' என்று சொல்லலாம். ஏற்றுமதிக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள செம்மரமா, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு மரமா என்று அடித்துச் சொல்வது கடினம். துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரைப் பிடித்து வைத்திருக்கும் அதிகாரிக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பதில்தான். டிஎன்ஏ உள்ளே வருவது இங்கேதான்.

மரத்துக்கும் பார்கோடு

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது பொருளின் மேல் உள்ள கோடுகளை மட்டும்தானே ஸ்கேன் செய்கிறார்கள்? பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அதே யோசனையை 2003ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் பால் ஹெபர்ட் உயிரினங்களுக்குச் சொன்னார். ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுதியையும் படிக்க வேண்டாம். இனத்துக்கு இனம் மாறுகிற ஒரு சின்னத் துண்டைப் படித்தால் போதும்.

விலங்குகளுக்கு அந்தத் துண்டு சுலபமாகக் கிடைத்தது. செடிகளில் அதே துண்டு மிக மெதுவாகத்தான் மாறுகிறது, அதனால் உதவவில்லை. 2009ல் தாவரவியலாளர்கள் கூடிப் பேசி, பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல், மேட்-கே என்ற இரண்டு துண்டுகளைத் தாவரங்களுக்கான அடிப்படை பார்கோடாகப் பரிந்துரைத்தார்கள். அவை போதாத இடத்தில் வேறு துண்டுகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த முறையை நம் சந்தனத்துக்கே போட்டுப் பார்த்தவர்கள், திருச்சூருக்குப் பக்கத்தில் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தினர். சந்தையில் சந்தனம் என்று கலப்படமாக வரும் மரங்களை டிஎன்ஏ பார்கோடு மூலம் அடையாளம் காண்பது பற்றி 2014ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மலேசியாவில் 2016ல் கடையில் விற்கும் அகர் பொருள்களையே எடுத்துச் சோதித்தார்கள். சீன வனவியல் அகாடமி ஆய்வாளர்கள் 2018ல் செம்மரம் உள்ளிட்ட ஆறு டெரோகார்பஸ் மரங்களுக்கு இதையே செய்தார்கள். ஆக, இது சினிமா விஞ்ஞானம் இல்லை. நடக்கிற வேலை.

வாசனை எங்கே அதிகமோ, அங்கே டிஎன்ஏ குறைவு

கேட்க எளிது. லேபில் உட்கார்ந்தால்தான் தெரியும் கஷ்டம்.

பச்சை இலையைக் கொடுத்தால் எந்த மாணவரும் ஒரு நாளில் டிஎன்ஏ எடுத்துவிடுவார். மரக்கட்டை அப்படி இல்லை. கட்டையின் பெரும்பகுதி செத்த செல். வெளிப்பகுதியில் மட்டும் சில செல்கள் உயிரோடு இருக்கும். அவை உள்ளே வைரமாக மாறும்போது செல் சாகிறது, டிஎன்ஏ துண்டு துண்டாக உடைகிறது. அதே நேரத்தில்தான் எண்ணெயும் பிசினும் நிறமிகளும் அங்கே சேர்கின்றன. நீங்கள் காசு கொடுக்கிற வாசனை எந்தப் பகுதியில் இருக்கிறதோ, அந்தப் பகுதியில்தான் டிஎன்ஏ ரொம்ப மோசமாக இருக்கும். போதாக்குறைக்கு அந்த வேதிப்பொருள்களே சோதனையைக் கெடுக்கும். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் வினை (கொரோனா காலத்தில் எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுக் கொடுத்தோமே, அதன் பின்னால் இருந்த அதே தொழில்நுட்பம்) இந்தப் பொருள்கள் கலந்திருந்தால் ஓடவே ஓடாது.

அதனால் கட்டையின் மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு உள்ளிருந்து தூள் எடுக்கிறார்கள். கை பட்ட இடத்தில் வேறு டிஎன்ஏ ஒட்டியிருக்கும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைக்கிறார்கள். பிறகு வேதிக் கரைசல்களில் திரும்பத் திரும்பக் கழுவிப் பிசினையும் நிறமியையும் நீக்குகிறார்கள். மிஞ்சுகிற உடைந்த துண்டுகளில் நீளமான பார்கோடு கிடைக்காது என்பதால், சின்னச் சின்னத் துண்டுகளைக் குறிவைக்கிறார்கள். பசுங்கணிக டிஎன்ஏவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இதுதான்: செல்லின் கருவில் ஒரு மரபணுவுக்குப் பொதுவாக இரண்டு பிரதிதான், இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் இருக்கும். வெள்ளத்தில் வீடே போனாலும், நூறு ஜெராக்ஸ் எடுத்து வைத்த சர்டிஃபிகேட்டில் ஒன்றாவது தேறும் இல்லையா, அந்த மாதிரி.

இவ்வளவும் செய்து வரிசை கிடைத்த பிறகு, அதை எதனோடு ஒப்பிடுவது? சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் துறையின் உண்மையான முட்டுக்கட்டை மெஷின் இல்லை, இந்தக் கேள்விதான். ஒப்பிட ஒரு நூலகம் வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு மாதிரியும் தாவரவியலாளர் ஒருவர் மரத்தை நேரில் பார்த்து, இலை, பூ, காயோடு பெயர் உறுதிசெய்ததாக இருக்க வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான மர மாதிரிகள் கொண்ட பழைய சேகரிப்பு இருக்கிறது, பெங்களூரிலும் இருக்கிறது. இவற்றை டிஎன்ஏ நூலகமாக மாற்றுவது பொறுமையான, யாரும் கைதட்டாத வேலை. இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் மரபணுத் தரவுத்தளங்களில் தப்பான பெயரில் ஏற்றிய வரிசைகளும் உண்டு. அதில் தேடி '99% பொருத்தம்' வந்தது என்று யாராவது ரிப்போர்ட் நீட்டினால், எந்த மாதிரியோடு பொருந்தியது என்று கேளுங்கள்.

எந்த இனம்? எந்த மரம்?

இதுவரை பேசியது ஒரே கேள்வியை: இது என்ன இனம்? மறையூர் திருட்டுக்கு அந்தப் பதில் உதவாது. திருடிய கட்டையும் தோட்டத்துக் கட்டையும் ஒரே சான்டலம் ஆல்பம்தான். அங்கே கேட்க வேண்டியது, இது எந்த மரம் என்பது. பார்கோடு போதாது, கைரேகை வேண்டும்.

மனிதர்களின் தந்தைவழிச் சோதனையில் செய்வதைப் போல, ஒரே இனத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் மாறும் பகுதிகளைப் பல இடங்களில் படிப்பார்கள். காட்டில் நிற்கும் அடிக்கட்டையின் கைரேகையும் பிடிபட்ட கட்டையின் கைரேகையும் ஒத்துப்போனால், கட்டை எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இது நீதிமன்றத்தில் நின்ற கதை ஒன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தேசிய வனம். 2018ல் கிடார் செய்யப் பயன்படும் விலையுயர்ந்த மேப்பிள் மரங்களைச் சிலர் ராத்திரியில் திருட்டுத்தனமாக வெட்டினார்கள். ஒரு மரத்தின் அடியில் குளவிக் கூடு. அதை எரிக்கப் போய் 3,300 ஏக்கர் காடு எரிந்தது. மரத்தை விற்றவர், தனியார் நிலத்தில் வெட்டியது என்று சாதித்தார். 2021ல் விசாரணையின்போது வனத்துறையின் மரபியலாளர், மில்லுக்கு விற்ற கட்டைகளின் டிஎன்ஏ காட்டில் வெட்டப்பட்ட மூன்று மரங்களோடு ஒத்துப்போவதாகச் சாட்சி சொன்னார். அது தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் 36 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒன்று. அமெரிக்க ஃபெடரல் கிரிமினல் விசாரணையில் மரத்தின் டிஎன்ஏ ஆதாரமாக வந்தது அதுதான் முதல்முறை. விற்றவருக்கு 20 மாதச் சிறை.

அந்த 36 பூஜ்யத்தைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த இனத்தின் மரங்கள் எங்கே, எப்படி வேறுபடுகின்றன என்ற தரவு கையில் இருந்தது. அதற்காக மலையேறும் தன்னார்வலர்கள் பல இடங்களில் மாதிரி சேகரித்துக் கொடுத்தார்கள். மறுபடி அதே நூலகக் கதைதான்.

சந்தனத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. விதையில் மட்டுமல்லாமல் வேரிலிருந்தும் இது முளைத்துப் பெருகும். அப்படி முளைத்த பத்து மரங்களுக்கும் ஒரே கைரேகைதான், இரட்டையர்களைப் போல. ஆகவே கைரேகை ஒத்துப்போனாலும், பக்கத்தில் நிற்கும் மரங்களையும் சோதித்துப் பார்க்காமல் 'இதே அடிக்கட்டைதான்' என்று சொல்லிவிட முடியாது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் தென்னிந்தியச் சந்தனக் காடுகளின் மரபணு வேறுபாடுகளைப் பதிவுசெய்யும் வேலையில் இறங்கியது இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான்.

அசல் மரம், போலி அகர்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன மீதிப் பாதிக்கு வருவோம். அதற்கு அசாமின் ஹோஜாய்க்குப் போக வேண்டும். அகர் எண்ணெய் வடிப்பதில் நாட்டின் முக்கிய மையம். வளைகுடாவில் 'ஊத்' என்று சின்ன பாட்டிலில் பெரிய விலைக்கு விற்கிறார்களே, அதன் மூலப்பொருள். துபாயில் வேலை பார்க்கும் மாமா கொண்டு வந்து கொடுத்திருப்பார்.

அகர் மரமான அக்விலேரியா மலாசென்சிஸ், ஐயூசிஎன் பட்டியலில் 'மிக அபாயகரமான' நிலையில் இருக்கிறது. ஆனால் ஆரோக்கியமான அகர் மரத்துக்கு மணமே கிடையாது! புழு துளைத்து, பூஞ்சை புகுந்து, மரம் காயப்பட்டால்தான் தன்னைக் காத்துக்கொள்ளக் கறுப்பான பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் ஊறிய கட்டைதான் அகர். எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் காட்டில் தேடிப் போகிறவர்கள் பிசின் இல்லாத மரத்தையும் சேர்த்து வெட்டிச் சாய்த்தார்கள்.

இதில் மோசடி எப்படி என்றால், பிசின் பிடிக்காத வெள்ளை அகர் மரத்தையே எடுத்து, சாயமும் வாசனைத் திரவமும் அழுத்தி ஏற்றி, கறுப்பாக்கி, உயர்ரக அகர் என்று விற்பார்கள். இந்தக் கட்டையை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புங்கள். 'அக்விலேரியா' என்று ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட் பொய் இல்லை. மரம் அசல்தான். நீங்கள் காசு கொடுத்த பிசின்தான் போலி.

சந்தனத்திலும் இதே கதை. வாசனை இல்லாத வெளிப்பகுதியை எண்ணெய் தடவி விற்றால், டிஎன்ஏ 'சான்டலம் ஆல்பம்' என்றுதான் சொல்லும்.

இந்த இடத்தில் கேள்வியை மாற்ற வேண்டும். மரம் எது என்று கேட்காமல், உள்ளே இருப்பது என்ன என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்வது வேதியியல். உண்மையான அகர் பிசினில் குரோமோன் வகையைச் சேர்ந்த சில தனித்துவமான சேர்மங்கள் இருக்கும். அமெரிக்காவில் ஆஷ்லாண்டில் உள்ள வனவிலங்குத் தடயவியல் ஆய்வகத்தினர், ஒரு சிறு சீவலை நிறைமானியின் முன் நீட்டி இவற்றைக் கண்டுபிடிக்கும் முறையை 2012ல் வெளியிட்டார்கள். சில நிமிட வேலை. டிஎன்ஏ போல நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எண்ணெய், அத்தர் விஷயத்தில் நிலைமை இன்னும் தெளிவு. ஆவியில் வடித்த எண்ணெயில் சோதிக்கத் தகுந்த டிஎன்ஏ இருக்காது. 'டிஎன்ஏ சோதனை செய்த சந்தன எண்ணெய்' என்று யாராவது விளம்பரம் செய்தால், எதைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். மரத்தைச் சோதித்திருக்கலாம், பாட்டிலில் உள்ளதை இல்லை. எண்ணெய்க்கு வேண்டியது ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட். சந்தன எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 3518 தரப்படி ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சான்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய வகையில் சான்டலால் குறைவு. அமைரிஸில் எண்ணெயின் சேர்மங்களே வேறு.

டிஎன்ஏவின் இன்னொரு எல்லை இது: நெருங்கிய இனங்களைப் பார்கோடு பிரித்துச் சொல்லாமல் போகலாம். அகர் தரும் மரங்களில் இந்தச் சிக்கல் உண்டு. சைட்டிஸ் இதைச் சட்டத்தாலேயே தாண்டியது. 1995ல் மலாசென்சிஸ் மட்டும் பட்டியலில் இருந்தது. பிடிபட்டவர்கள் 'இது வேற வகை சார்' என்று சொல்ல முடிந்தது. 2005 முதல் அக்விலேரியா, கைரினோப்ஸ் ஆகிய இரண்டு பேரினங்களும் முழுசாகப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. இப்போது பேரினம் தெரிந்தாலே போதும்.

கோர்ட்டுக்குப் போனால்?

நிபுணர் கருத்தை நீதிமன்றம் ஏற்க வழி செய்யும் பழைய சாட்சியச் சட்டத்தின் 45வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 39வது பிரிவாக இருக்கிறது. மர டிஎன்ஏ ரிப்போர்ட் அந்த வாசல் வழியாக வரலாம். ஆனால் கட்டையிலிருந்து மாதிரியை யார், எப்போது எடுத்தார், சீல் வைத்தாரா, அடிக்கட்டையிலிருந்தும் எடுத்தாரா, இரண்டும் வேறு வேறு கையுறையோடு எடுக்கப்பட்டதா என்பதெல்லாம் குறுக்கு விசாரணையில் வரும். காட்டில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் செய்கிற இந்த வேலை சரியாக நடக்கவில்லை என்றால், லேபில் எவ்வளவு பெரிய மெஷின் இருந்தும் பயனில்லை. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2016ல் மரத் தடயவியலுக்கென்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அதில் லேபுக்கு இணையாகக் களத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு உறுத்துகிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீஸ் சொன்னது. எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். இந்த வியாபாரத்தில் பிடிபடுவதும் சாவதும் பெரும்பாலும் கோடரி பிடித்த கைதான். கட்டை குடோனுக்குப் போன பிறகு, 'இது வேறு மரம்', 'இது தோட்டத்து மரம்' என்ற இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒளிந்துகொள்ள முடிகிறது. மர டிஎன்ஏ எங்காவது நிஜமாகவே உபயோகப்பட வேண்டுமென்றால், அந்த குடோனிலும் கன்டெய்னரிலும்தான் முதலில் உபயோகப்பட வேண்டும். காட்டோரத்தில் சுள்ளி பொறுக்கியவரின் மூட்டையில் இல்லை. அதே டிஎன்ஏ, தப்பாகப் பிடிபட்ட ஒருவரையும் ஒரு விவசாயியையும் விடுவிக்கவும் செய்யும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

அம்மாவுக்கான கட்டை என்றால், அரசு நிறுவனங்களின் விற்பனை நிலையத்தில் பில்லோடு வாங்குவது எந்த லேப் டெஸ்டையும்விட மலிவு. கட்டையின் குறுக்கு வெட்டைப் பாருங்கள். முழுக்க வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள். கல்லில் ஒருமுறை உரைத்த பிறகும் உள்ளிருந்து மணம் வர வேண்டும். மேலே மட்டும் மணந்து, உரைத்ததும் மணம் மறைந்தால் தடவிய வாசனை என்று சந்தேகப்படலாம். எண்ணெய் வாங்கினால் அந்த பேட்ச் எண்ணுக்கான ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட் கேளுங்கள். லேபிளில் தாவரவியல் பெயர் இல்லாத 'சந்தன எண்ணெய்' எதுவாகவும் இருக்கலாம்.

வீக்எண்ட் ஃபார்ம் விளம்பரங்கள் உங்கள் ஃபீடிலும் வந்திருக்கும்: ஏக்கருக்கு இத்தனை சந்தனக் கன்று, பதினைந்து வருடத்தில் கோடி. சிலர் கன்றுக்கு 'டிஎன்ஏ சான்றிதழ்' தருவதாகவும் சொல்கிறார்கள். அந்தச் சான்றிதழ் உண்மையாகவே இருந்தாலும், கன்று சந்தனம் என்பதைத்தான் அது சொல்கிறது. வைரம் எவ்வளவு பாயும், எண்ணெய் எவ்வளவு சேரும் என்பது மண், துணைச் செடி, வயது, பராமரிப்பைப் பொறுத்தது. கூடவே, அறுவடை வரைக்கும் ராத்திரிக் காவலுக்கு ஆள் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நட்டிருந்தால் மரங்களை முறைப்படி பதிவுசெய்து, ஒவ்வொரு மரத்தின் இருப்பிடத்தோடும் சில காய்ந்த இலைகளை உறையில் போட்டு எண் எழுதி வைத்திருங்கள். நாளை ஒரு மரம் திருடுபோய், எங்கோ ஒரு கட்டை பிடிபட்டால், 'இது என் மரம்' என்று காட்ட அந்த இலை உதவக்கூடும்.

துபாய் மாமாவுக்கு ஒரு வார்த்தை: அகர் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 1 கிலோ வரை சீவல், 24 மில்லி வரை எண்ணெய், இரண்டு மாலை அல்லது பிரேஸ்லெட் கொண்டுபோக சைட்டிஸ் விலக்கு அளிக்கிறது. எல்லா நாடும் அதை அப்படியே ஏற்பதில்லை. விமானம் ஏறும் முன் இரண்டு பக்கத்துக் கஸ்டம்ஸ் விதியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.